வடசென்னையில் இளைஞர் குழுவோடு குறும்படம் எடுக்க: கதை கேட்பதிலிருந்து தெருவில் திரையிடுவது வரை

உங்கள் தெருவிலோ டியூஷன் சென்டரிலோ பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் இருக்கிறார்கள். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. எங்கள் ஏரியாவை வைத்து ஒரு படம் எடுக்கலாம் என்று கேட்கிறார்கள். அவர்களோடு உட்காரப்போகும் அண்ணனுக்கும் அக்காவுக்கும்தான் இந்தக் கட்டுரை.

தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகளோடு நாங்கள் இதைச் செய்தபோது, கேமராவை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர எத்தனையோ வீடியோ கிடைத்தது. யாரிடம் என்ன கடிதம் வாங்க வேண்டும், எந்த மாதத்தில் எடுக்கக் கூடாது, சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை. அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஏழெட்டு நிமிடப் படம் ஒன்றுக்கு, வாரம் ஒருநாள் கூடினால், மூன்றரை மாதம் வைத்துக்கொள்ளுங்கள். செலவு பதினேழாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அதில் படப்பிடிப்பு மூன்றே நாள்தான். மிச்ச நேரம் எல்லாம் கேட்பதற்கும், எழுதுவதற்கும், கையெழுத்து வாங்குவதற்கும், எடுத்ததைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டுவதற்கும். நேரம் போதவில்லை என்றால் படத்தின் நீளத்தைக் குறையுங்கள், கேட்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

1. காலண்டரைப் பார்த்துத் தொடங்குங்கள்

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை தேர்வு. பிள்ளைகள் வரத் தயாராக இருந்தாலும் அம்மாக்கள் விடமாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும், வீட்டில் கையிருப்பு கரையும், பலர் வேறு கூலி வேலை தேடிப் போய்விடுவார்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ஆடி மாதம்: எந்தத் தெருவில் நின்றாலும் அம்மன் கோயில் ஸ்பீக்கர் கேட்கும், வசனம் பதிவு செய்ய வழியே இல்லை. விநாயகர் சதுர்த்தி வாரமும் அப்படித்தான். அக்டோபர் நடுவில் மழை தொடங்கிவிடும்.

அதனால் ஜூன் கடைசியில் வாரக் கூட்டங்களைத் தொடங்குங்கள். ஆடி முழுக்கக் கதை, எழுத்து, கடிதம் என்று ஓட்டுங்கள். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் படம் பிடியுங்கள். அக்டோபர் முதல் வாரம் திரையிட்டுவிடலாம்.

கூடும் நாள் ஞாயிறு மாலை, மூன்று முதல் ஆறு. ஞாயிறு காலை வேண்டாம். அன்றைக்குத்தான் காசிமேட்டில் கூட்டம் அலைமோதும். மீன் வெட்டிக் கொடுக்கிற, ஐஸ் பெட்டி தூக்குகிற பிள்ளைகள் விடியுமுன் போய்விட்டு வெயில் ஏறிய பிறகுதான் வந்து படுப்பார்கள். ஆறு மணி என்றால் ஆறு மணிக்கே முடித்துவிடுங்கள். இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியும் என்று தெரிந்தால்தான் பெண்பிள்ளைகள் தொடர்ந்து வருவார்கள். முதல் கூட்டத்துக்கு அம்மாக்களையும் கூப்பிட்டு டீ கொடுத்து, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

இடம்: கிளை நூலகம், சர்ச் ஹால், டியூஷன் சென்டர் என ஏதாவது பொது இடம். கட்சி அலுவலக மாடி இலவசமாகக் கிடைக்கும். எந்தக் கட்சியாக இருந்தாலும் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். படம் முடியும்போது முதல் பிரேமில் யார் படம் வருவது என்ற பேச்சு வந்து நிற்கும்.

வயது: 14 முடிந்தவர்களை மட்டும் சேருங்கள். 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை ஒலி-ஒளிப் படைப்பில் ஈடுபடுத்த மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரம் தாண்டக் கூடாது என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. கதைக்குக் கட்டாயம் சின்னக் குழந்தை வேண்டும் என்றால் அதற்கான நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

2. கதையை எழுதுமுன் கேளுங்கள்

முதல் ஐந்து வாரம் யாரும் போனை வெளியே எடுக்கக் கூடாது. வட்டமாக உட்காருங்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம். பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, பதிவு செய்யக் கூடாது, வெளியே போய்ச் சொல்லக் கூடாது. பேச விருப்பமில்லாதவர் 'அடுத்தவங்க' என்று சொன்னால் போதும், காரணம் கேட்க வேண்டாம்.

'உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத சம்பவம்' என்று கேட்டால் பள்ளிக் கட்டுரை மாதிரிதான் பதில் வரும். சின்னதாக, கையால் தொடக்கூடியதாகக் கேளுங்கள். வெள்ளம் வீட்டுக்குள் வந்த அன்று முதலில் எதைத் தூக்கிப் பரண் மேல் வைத்தீர்கள்? ரயில்வே கேட் மூடியிருந்ததால் எதைத் தவறவிட்டீர்கள்? தண்ணி லாரிக்கு வரிசை போட உங்கள் வீட்டுக் குடத்தில் என்ன அடையாளம்? எந்த ஏரியா என்று கேட்ட இடத்தில் என்ன பதில் சொன்னீர்கள்?

எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தால் 2023 டிசம்பரைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் படிந்தது. அந்த மாதக் கடைசியிலேயே அமோனியா வாயு கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். செய்தியில் வந்ததை விட, எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள், வலையில் ஒட்டிய எண்ணெயை எதை வைத்துத் துடைத்தார்கள் என்பதுதான் படம்.

ஒருவர் சொல்லும்போது வேறு இரண்டு மூன்று பேர் தலையாட்டுகிறார்களா என்று கவனித்து, அதை மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் அப்படிக் கிடைத்தது விலாசம். வேலைக்கு விண்ணப்பம் போடும்போது வியாசர்பாடி என்று எழுதாமல் பெரம்பூர் என்றோ, அயனாவரத்து அத்தை வீட்டு முகவரியையோ எழுதியிருந்தவர்கள் பாதிப் பேருக்கு மேல். ஒவ்வொருவரும் அது தன் வீட்டில் மட்டும் நடந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். பொது அனுபவம் என்று நான் சொல்வது இதைத்தான். ஒரே ஆளின் கதையை எடுத்தால் அவர் தனியாக அம்பலப்பட்டு நிற்பார். பத்துப் பேருக்கு நடந்ததை ஒரு கற்பனைப் பாத்திரத்தின் மேல் ஏற்றினால் பத்துப் பேரும் அதைத் தங்கள் படம் என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

இங்கே வரும் பெரிய பொறி கத்தி. முதல் ஸ்கிரிப்டில் கட்டாயம் ஒரு கத்தி இருக்கும், ஒரு ஜெயில் வாசல் இருக்கும், பின்னணியில் சாவு மேளம் இருக்கும். வடசென்னை என்றால் இதுதான் என்று திரையில் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் வேறு எதை எழுதுவார்கள்? திட்டாதீர்கள். பலகையில் மூன்று கட்டம் போடுங்கள்: எனக்கு நடந்தது, என் கண் முன்னால் நடந்தது, சினிமாவில் பார்த்தது. ஒவ்வொரு காட்சியையும் எந்தக் கட்டத்தில் வைப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும். மூன்றாவது கட்டத்தில் விழுந்ததை எல்லாம் ஓரமாக வைத்துவிடலாம் என்று அவர்களே சொல்வார்கள். கத்தி முதல் கட்டத்தில் விழுந்தால் அதை மதித்துக் கேளுங்கள். அப்போதும் படத்தில் கத்தியைக் காட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. மறுநாள் அந்த வீட்டில் யார் சோறு வடித்தார்கள் என்று காட்டலாம்.

இன்னொன்றை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 18 வயதுக்குட்பட்ட ஒருவர் தனக்கு நடந்த பாலியல் துன்புறுத்தலைச் சொன்னால், அதை வட்டத்துக்குள்ளேயே வைத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. இதை முன்கூட்டியே சொல்லாமல், 'எல்லாம் ரகசியம்' என்று வாக்குக் கொடுத்துவிட்டால் அந்தப் பிள்ளையை ஏமாற்றியதாகிவிடும். அந்தச் சம்பவமும், அந்தப் பிள்ளையின் அடையாளம் தெரியக்கூடிய எதுவும், எந்த வடிவத்திலும் படத்துக்குள் வரக் கூடாது.

3. சம்மதக் கடிதம், இரண்டு முறை

முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். வெள்ளைத் தாளில், தமிழில், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். இருக்க வேண்டியவை: பெயர், வயது, படம் எதைப் பற்றியது, இவர் நடிக்கிறாரா, கதை சொன்னாரா, குரல் மட்டுமா, எங்கெல்லாம் காட்டப்போகிறோம் (தெருத் திரையிடல், யூடியூப், விழா ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிக்), எந்தத் தேதி வரை விலகிக்கொள்ளலாம், பணம் உண்டா இல்லையா. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும், பிள்ளையின் கையெழுத்தும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவர்களிடமே கொடுங்கள். கையெழுத்துக்கு முன் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லப் பலருக்குத் தயக்கம்.

ஆதார் ஜெராக்ஸ் கேட்காதீர்கள். குழுக் கடன், ஜாமீன் என்று ஜெராக்ஸ் கொடுத்து அவதிப்பட்ட வீடுகள் இங்கே ஏராளம். அதைக் கேட்ட அன்றோடு பிள்ளையை அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். இந்தக் கடிதத்துக்கு அது தேவையும் இல்லை.

முதல் கையெழுத்து படப்பிடிப்புக்கு முன். இரண்டாவது, எடிட்டிங் முடிந்து படத்தைப் பார்த்த பிறகு. இந்த இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காட்சியாகப் பார்க்கும்போதுதான் 'இது எங்க பெரியப்பா என்று தெரிந்துவிடுமே' என்று ஒருவருக்கு உறைக்கும். அப்போது அந்த இடத்தை வெட்டத் தயாராக இருங்கள், வாதாடாதீர்கள்.

4. எங்கே எடுக்கலாம், யாரிடம் அனுமதி

எழுதும்போதே இடத்தை நினைத்து எழுதுங்கள். வீடு, மொட்டை மாடி, கடை என்றால் உரிமையாளரின் ஒரு வரிக் கடிதம் போதும். வாரியக் குடியிருப்பு என்றால் அந்தப் பிளாக்கின் சங்கத்தாரிடம் முன்பே பேசுங்கள். மீனவர் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் கேமராவைத் திறக்க வேண்டும். ஊர் ஒத்துக்கொண்டால் பிறகு எந்த வீட்டிலும் உங்களுக்குத் தண்ணீர் கிடைக்கும்.

தெருவில் எடுக்க, உங்கள் எல்லைக் காவல் நிலைய ஆய்வாளருக்கு ஒரு கடிதம், மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு ஒன்று. தேதி, நேரம், தெரு, எத்தனை பேர், என்ன கருவி, பொறுப்பாளர் போன் நம்பர் எல்லாம் இருக்கட்டும். இரண்டு பிரதியாகக் கொண்டுபோய் ஒன்றில் 'பெறப்பட்டது' என்று சீலும் தேதியும் வாங்குங்கள். கட்டணம் ஏதும் சொன்னால் ரசீதோடு மட்டுமே கட்டுங்கள். அனுமதிக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். எங்களை ஓர் அலுவலகத்தில் மேசை மேசையாக அனுப்பினார்கள். சீல் வைத்த பிரதி கையில் இருந்ததால்தான் திரும்ப முதலிலிருந்து தொடங்காமல் தப்பித்தோம். வாசலில் நின்று 'ஐயாயிரம் கொடுங்க, நான் பார்த்துக்கிறேன்' என்பவர் எல்லா இடத்திலும் இருப்பார். அவரிடம் பணம் கொடுத்தால் உங்கள் கையில் எந்தத் தாளும் மிஞ்சாது.

ரயில் நிலையம், தண்டவாளம், மெட்ரோ: அந்தந்த நிர்வாகத்தின் முறையான அனுமதி இல்லாமல் முடியாது, கட்டணமும் உண்டு. காட்சியை ஸ்டேஷன் வாசலுக்கு வெளியே மாற்றி எழுதுங்கள். ரயிலின் சத்தம் போதும், ரயில் தெரிய வேண்டாம். துறைமுகம், அனல் மின் நிலையம், எண்ணெய்க் குழாய், டேங்க் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். ட்ரோனும் வேண்டாம். எங்கே பறக்கலாம், கூடாது என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம்தான் முடிவு செய்கிறது. துறைமுகத்தை ஒட்டிய ஏரியாவில் கல்யாண வீடியோக்காரர் சொல்வதை நம்பிப் பறக்கவிட்டால் மாட்டிக்கொள்வது உங்கள் பிள்ளைகள்தான்.

5. பணம்

நாங்கள் வாங்கிய விலையை ஒட்டிச் சொல்கிறேன், கொஞ்சம் ஏறி இறங்கும்.

வயர் வைத்த காலர் மைக் 1,000
போன் ஹோல்டரோடு ஸ்டாண்ட் 1,200
1 டிபி ஹார்ட் டிஸ்க் 5,000
சாப்பாடு, டீ: 12 பேர், 3 நாள், தலைக்கு 150 வீதம் 5,400
ஷேர் ஆட்டோ, பஸ் 1,000
ஜெராக்ஸ், நோட்டு 200
திரையிடலுக்குப் புரொஜெக்டர், ஸ்பீக்கர் வாடகை 3,000
மொத்தம் 16,800

மைக், ஸ்டாண்டை ரிச்சி தெருவில் பார்த்து வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடை இருக்காது. மைக்கை உங்கள் போனில் செருகி, பேசி, கேட்டுப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். போனுக்கு ஏற்ற பின் இல்லாமல் வாங்கிவந்தால் இன்னொரு முறை அலைய வேண்டும்.

பெரிய கேமரா தேவையில்லை என்பதே என் கருத்து. கட்டாயம் வேண்டும் என்றால் வடபழனி, சாலிகிராமம் பக்கம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். அசல் அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். வாங்கும்போதே லென்ஸையும் பாடியையும் கடைக்காரர் முன்னால் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய கீறலுக்கும் நீங்கள் பணம் கட்ட நேரிடும்.

பட்டியலில் இல்லாத ஒரு செலவு உண்டு. டெலிவரி ஓட்டுகிற, லோடு ஏற்றுகிற பையன் ஒருநாள் உங்களோடு நின்றால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்ட வழி செய்யுங்கள், இல்லையேல் அவர் ஓய்வு நாளுக்குப் படப்பிடிப்பை மாற்றுங்கள். வேலைக்குப் போகாத பிள்ளைகள் மட்டுமே நடித்தால் ஏரியாவின் பாதி வாழ்க்கை படத்தில் இருக்காது.

பில்களை நோட்டில் ஒட்டி, ஒவ்வொரு ஞாயிறும் கணக்கைச் சத்தமாகப் படியுங்கள். பணம் பற்றிய முணுமுணுப்பில் கலைந்த குழுக்கள் அதிகம்.

6. படப்பிடிப்பு மூன்று நாள்

போனைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். வீடியோ தரம் 1080 போதும், 4கே வேண்டாம். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு (1/50) என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இப்படி வைத்தால்தான் டியூப் லைட்டுக்குக் கீழே படம் மினுக்காது. போனில் உள்ள கேமராவில் இந்த வசதி இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம். பதிவு தொடங்குமுன் ஏரோபிளேன் மோடு. 1080இல் ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டு ஜிபி வரை ஆகலாம், முந்தின இரவே போனைக் காலி செய்துவிடுங்கள்.

வெளிக் காட்சிகளைக் காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் முடியுங்கள். வெளிச்சம் மட்டும் காரணம் இல்லை: சென்னையில் நண்பகல் வாக்கில் கடல் காற்று எழும்பிவிடும். காசிமேடு, திருவொற்றியூர்க் கரையில் அதன்பிறகு எந்த மைக்கிலும் இரைச்சல்தான் விழும். மதியம் வீட்டுக்குள் எடுக்கும் காட்சிகளை வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், பிரிட்ஜை அணையுங்கள் (திரும்பப் போட மறக்காமல் இருக்க உங்கள் வண்டிச் சாவியைப் பிரிட்ஜ் மேல் வைத்துவிடுங்கள்). எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி ஹார்ன் அடிக்கும். அங்கே வசனக் காட்சி வைக்காதீர்கள். நடந்து போவது, காத்திருப்பது மாதிரி பேச்சில்லாத காட்சி வையுங்கள், ஹார்ன் உங்களுக்குத் துணையாக நிற்கும்.

மைக்கை இன்னொரு போனில் செருகி நடிப்பவர் சட்டைப்பையில் வையுங்கள். ஒவ்வொரு டேக் தொடக்கத்திலும் ஒரு கைதட்டு. எடிட்டிங்கில் சத்தத்தையும் படத்தையும் பொருத்த அதுதான் பிடி. ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் 30 நொடி சும்மா பதிவு செய்யுங்கள். படம் சுமாராக இருந்தாலும் மக்கள் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

வேலைகளை மாற்றிக் கொடுங்கள். கேமரா எப்போதும் ஆண்பிள்ளை கையிலும் நோட்டு எப்போதும் பெண்பிள்ளை கையிலும் இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

கடலரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுப் பாறை மேல் யாரையும் ஏற்றாதீர்கள். பாசி வழுக்கும், கால் இடுக்கில் சிக்கும். தண்டவாளத்தில் நடக்கிற ஷாட் யார் கேட்டாலும் கிடையாது.

இரவு வீட்டுக்குப் போகுமுன் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, இன்னொருவர் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி. இரண்டும் திறக்கிறதா என்று பார்த்த பிறகே போனில் அழியுங்கள்.

7. எடிட்டிங், பாட்டு

ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போதும். பழைய மெஷினுக்கு ஷாட்கட் பாரம் குறைவு. போனில்தான் செய்ய முடியும் என்றால் விஎன் (VN) என்கிற செயலி. மூன்று வாரம் ஒதுக்குங்கள். எட்டு நிமிடத்தைத் தாண்டினால் மறுபடி வெட்டுங்கள்.

சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம். டீக்கடை ரேடியோவில் பின்னால் மெல்லக் கேட்கிற பாட்டைக்கூட யூடியூப் கண்டுபிடித்து உரிமை கோரல் போட்டுவிடும். படப்பிடிப்பின்போதே 'அண்ணா, பத்து நிமிஷம் ரேடியோவை நிறுத்துங்க' என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஏரியாவில் கானா பாடுகிறவர் இருப்பார்; அவரிடம் கேளுங்கள். ஆனால் அவர் சொந்தமாகக் கட்டிய பாட்டாக இருக்க வேண்டும், சினிமா மெட்டில் வரி மாற்றியதாக இருக்கக் கூடாது. எழுதியவர், பாடியவர், வாசித்தவர் மூவரிடமும் தனித்தனிக் கடிதம் வாங்குங்கள். டைட்டிலில் மூவர் பெயரும் வர வேண்டும்.

பேச்சைத் திருத்தாதீர்கள். 'இன்னா' என்று சொன்னதை 'என்ன' என்று மறுபடி பேசவைத்தால் அந்தப் பிள்ளையின் முகமே மாறிவிடும்.

8. திரையிடல்

முதல் காட்சி உங்கள் தெருவில், கதை சொன்னவர்களும் அவர்கள் வீட்டாரும் முன்வரிசையில். ஸ்பீக்கருக்குக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது ஒலி மாசு விதி. ஏழு மணிக்குத் தொடங்கினால் படத்தை இரண்டு முறை போட்டு, பேசவும் நேரம் இருக்கும். கரண்ட்டை ஒரு வீட்டிலிருந்து கேட்டு எடுங்கள், தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போடாதீர்கள்.

தியேட்டரில் காட்ட வேண்டும் என்றால் குறும்படத்துக்கும் சென்சார் சான்றிதழ் தேவை. சென்னை மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிறது. யூடியூபில் போட அந்தச் சான்றிதழ் வேண்டாம். விழாக்களுக்கு அனுப்பும்போது விதிகளை முழுக்கப் படியுங்கள். 'தேர்வாகிவிட்டீர்கள், கேடயத்துக்குப் பணம் கட்டுங்கள்' என்று மெயில் வந்தால் விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் இன்னொரு நாள் படப்பிடிப்பு நடத்தலாம்.

யூடியூபில் தெருத் திரையிடலுக்குப் பிறகே ஏற்றுங்கள். முதல் சில வாரம் லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். கமென்ட்டை மூடிவிடுங்கள், ஏரியா பெயரையும் பெண்பிள்ளைகளின் முகத்தையும் வைத்து எழுதப்படுவதை எல்லாம் அந்தப் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும்? சேனலின் பாஸ்வேர்டு உங்களிடமும் குழுவில் இருவரிடமும் இருக்கட்டும். இரண்டு வருடம் கழித்து ஒரு பெண்ணுக்கு வேலையோ கல்யாணமோ அமைந்து, 'அக்கா, அந்தப் படத்தை எடுத்துடுங்க' என்று போன் வந்தால், கடிதத்தில் போட்ட தேதி முடிந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். அன்றைக்கே மறைத்து வையுங்கள், அப்புறம் குழுவைக் கூட்டி அந்தக் காட்சி இல்லாமல் படத்தை மறுபடி வெட்ட முடியுமா என்று பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.